முதல் டிரிப்பரில் கருகல், கசிவு, சூடு: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்பது

கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு பின்னேரம், லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த கூட்டாளி ஒருவன் கல்லடியில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு டிரிப்பர். மின்சிகரெட்டில், பஞ்சில் சொட்டுச் சொட்டாக லிக்விட் (நிக்கொட்டின் திரவம்) விட்டு ஆவியாக்கி இழுக்கிற அட்டொமைசரைத்தான் அப்படிச் சொல்வார்கள். "மச்சான், இழுத்தா ஒரே கருகல். பேசாம திரும்ப சிகரெட்டையே தொட்டிருவன் போல கிடக்கு" என்றான். பதினாறு வருடம் சிகரெட் குடித்தவன். விட்டு நாலே மாதம். அந்தக் கடைசிச் சொல்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். விரல் நுனி அளவு இடத்தில் இரண்டு கொயில் (கம்பிச் சுருள்), அவற்றுக்குள் திணித்த பஞ்சு, ஆழமே இல்லாத குழி. பொருள் நல்ல பொருள்தான். ஆனால் பல வருடம் கொயில் சுற்றிப் பழகியவருக்குச் செய்தது. அதைத்தான் கடைக்காரர் இவனுக்கு முதல் டிரிப்பராகக் கொடுத்திருக்கிறார். நான் துபாயில் மின்வேலை செய்த காலத்தில் இதையெல்லாம் பிழைவிட்டுப் பிழைவிட்டே பழகினேன். பழகுபவருக்கு வரும் தொல்லையில் பாதி கையில் இருக்கிறது, மறுபாதி வாங்கும்போதே வந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் இப்போது செய்ய வேண்டியதையும், வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. புகையிலை அடங்கிய மின்சிகரெட்டைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் இலங்கையில் 2016 முதல் தடை. எங்கே வாங்கலாம், எப்படிக் கொண்டுவரலாம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. லண்டன், டொரன்டோ, துபாய் என்று அனுமதி உள்ள நாடுகளில் இருந்துகொண்டு, சிகரெட்டை விடுவதற்காக இதைப் பிடித்திருக்கும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். சிகரெட் குடிக்காதவர் இதைத் தொடவே வேண்டாம். நிக்கொட்டின் பிடித்தால் விடாது.

உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடியில் இருக்கும் தட்டு டெக். அதில் கம்பியைப் பிடிக்கும் தூண்கள். தூண்களுக்கு இடையில் கம்பிச் சுருள், அதாவது கொயில். கொயிலுக்குள் பஞ்சு. பஞ்சின் இரண்டு வாலும் இறங்கும் குழியில் லிக்விட் நிற்கும். மேலே காற்றுத் துவாரம் உள்ள மூடியும் வாய் வைக்கும் முனையும். கீழே 510 என்று சொல்லப்படும் திருகு. அது மொட்டில், அதாவது பற்றரிப் பெட்டியில் இறங்கும். தாங்கி எதுவும் கிடையாது. ஐந்தாறு இழுவைக்கு ஒருமுறை நீங்கள்தான் சொட்ட வேண்டும்.

இழுத்தவுடன் கருகல், தொண்டை எரிவு

ஆட்கள் டிரிப்பரைத் தூக்கி எறிவது இதனால்தான். பஞ்சு காய்ந்த இடத்தில் கம்பி நேரடியாகப் பஞ்சை எரிக்கிறது, வேறொன்றும் இல்லை. ஏன் காய்ந்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

கடைசியாக எப்போது சொட்டினீர்கள் என்று யோசியுங்கள். ஏழெட்டு இழுவை தாண்டியிருந்தால் பிழை அதுதான். சுவை மெலிய ஆரம்பித்ததும் நிறுத்திச் சொட்டுங்கள், கருகல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒருமுறை கருகிய பஞ்சு திரும்பத் தேறாது. எவ்வளவு சொட்டினாலும் அந்த நாற்றம் இருக்கும். பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

சொட்டிய உடனேயும் கருகுகிறதா? அப்படியானால் பஞ்சின் அளவு பிழை. வாய்க்காலில் ஆற்றுவாழை அடைத்துக்கொண்டால் மதகில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் கடைசி வயல் காய்ந்துதான் கிடக்கும். திணித்த பஞ்சும் அப்படித்தான்: குழியில் லிக்விட் நிற்கும், கொயிலின் நடுப்பகுதி காய்ந்திருக்கும். பஞ்சைக் கொயிலுக்குள் இழுக்கும்போது மெல்லிய இறுக்கம் தெரிய வேண்டும், ஆனால் கொயில் வளையவோ நகரவோ கூடாது. வால்களை நுனியில் சரிவாக வெட்டி, சீப்பால் கோதியதுபோல ஊசியால் கொஞ்சம் பிரித்துவிட்டு, குழியின் அடியைத் தொடும்படி இறக்குங்கள். அழுத்திச் செருக வேண்டாம். என் கூட்டாளியின் பஞ்சில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தவுடனேயே பாதித் தொல்லை தீர்ந்தது.

பஞ்சு எது என்பதும் முக்கியம். தலையணைக்குள் இருக்கும் இலவம் பஞ்சு வேண்டவே வேண்டாம். அதில் இயற்கையாகவே மெழுகுத் தன்மை உண்டு, ஈரத்தை இழுக்காது. பாமசியில் விற்கும் சில உருண்டைப் பஞ்சில் பொலியஸ்டர் கலந்திருக்கும். சிறு துண்டை நெருப்பில் காட்டுங்கள். உருகி மணிபோல இறுகினால் அது பருத்தி அல்ல. மெல்லிய சாம்பலாகப் போனால் பருத்தி.

பஞ்சும் சரியென்றால் மொட்டில் வைத்திருக்கும் வாட்ஸை, அதாவது மின்வலுவைப் பாருங்கள். எனக்கு நம்பிக்கையான தொடக்கக் கொயில் இது: 24 கேஜ் தடிமனில் கந்தால் என்ற சூடேற்றும் கம்பி, 3 மில்லிமீற்றர் உள்விட்டம், 6 சுற்று. மின்தடை ஏறத்தாழ 0.5 ஓம் வரும். இதற்கு 25 வாட்ஸில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 35க்கு மேல் போகத் தேவையில்லை. கூட்டாளி தன் சின்னக் கொயில்களுக்கு 80 வைத்திருந்தான், பெட்டியில் அச்சடித்த எண் அது என்று. அந்த எண் மொட்டால் முடிந்த உச்சம். உங்கள் கொயில் கேட்கும் அளவு வேறு.

இன்னொரு காரணமும் உண்டு: கொயிலில் ஓரிடம் மட்டும் முதலில் சிவப்பது. பஞ்சு இல்லாமல், குறைந்த வாட்ஸில், பொத்தானை விட்டு விட்டு அமத்திப் பாருங்கள். நடுவில் இருந்து இரு பக்கமும் சமமாகச் சிவந்து போக வேண்டும். ஓரம் மட்டும் பளிச்சென்று எரிந்தால், பொத்தானில் இருந்து விரலை எடுத்துவிட்டு, பீங்கான் முனையுள்ள இடுக்கியால் சுற்றுகளை மெல்லத் தேய்த்து நெருக்குங்கள். இரும்பு இடுக்கியால் பொத்தானை அமத்தியபடி தொடாதீர்கள், ஷோர்ட் ஆகும்.

வாங்கும்போது இந்தத் தொல்லையைக் குறைப்பது இரண்டு விஷயம். ஒற்றைக் கொயிலுக்கென்றே செய்த டெக், ஆழமான குழி. குழி ஆழமாக இருந்தால் சொட்ட மறந்தாலும் இன்னும் நாலைந்து இழுவை தாங்கும். அதற்காக விளம்பரத்தில் எத்தனை மில்லிலீற்றர் என்று தேடி அலையாதீர்கள். மூடியைக் கழற்றிய படத்தைப் பாருங்கள். கொயிலுக்குக் கீழே உங்கள் சுண்டுவிரல் நகம் நிற்கும் அளவு ஆழம் தெரிந்தால் போதும்.

மொட்டில் ஒழுகுகிறது, கை பிசுபிசுக்கிறது

லிக்விட்டில் இரண்டு திரவம் உண்டு. ஒன்று தடித்த தாவரக் கிளிசரின், மற்றது நீர்த்த புரொப்பிலீன் கிளைக்கோல். டிரிப்பருக்கு 70 பங்கு கிளிசரின், 30 பங்கு கிளைக்கோல் உள்ளது பொருத்தம். ஆனால் கிளிசரின் வெப்பத்தில் இளகும். லண்டன் குளிரில் பாணியாக நின்ற அதே போத்தல், கச்சான் காலத்தில் மட்டக்களப்பில் தண்ணீர்போல ஓடும். அங்கே எட்டுச் சொட்டு விட்டவர் இங்கேயும் எட்டு விட்டால் நிச்சயம் ஒழுகும். நாலைந்தில் நிறுத்துங்கள். நேரே கொயிலின் மேல் விட வேண்டாம், இரண்டு வாலிலும் பிரித்து விடுங்கள்.

சொட்டு குறைத்தும் ஒழுகினால் காற்றுத் துவாரம் எங்கே என்று பாருங்கள். மூடியின் அடிப்பக்கத்தில், குழிக்குக் கிட்ட இருந்தால், கொஞ்சம் சரித்தாலே லிக்விட் அதன் வழியாக வெளியே வரும். இதை எந்தக் கைவேலையாலும் முழுதாகத் திருத்த முடியாது. முதல் டிரிப்பர் வாங்குபவர் துவாரம் மேலே இருப்பதையோ, மேலிருந்து சரிவாகக் கொயிலை நோக்கி இறங்குவதையோ தேட வேண்டும். டெட் ராபிட் என்ற டிரிப்பர் இந்தச் சரிவுத் துவார வகையைச் சேர்ந்தது. அடித்துவாரம் உள்ளதில் சுவை நன்றாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் சட்டைப் பையில் படுக்க வைத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அது ஆகாது. டிரிப்பரைப் படுக்க வைப்பதே பிழை, எப்போதும் நிமிர்த்தி வையுங்கள்.

ஒழுகிய லிக்விட் 510 திருகுக்குள் இறங்கியிருந்தால் காதுக்குச்சிப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். பிறகு வரும் "அட்டொமைசர் இல்லை" என்ற செய்திக்குப் பல நேரம் அந்த ஈரம்தான் காரணம்.

ஒழுகலோடு சேர்த்து வீட்டுச் சங்கதி ஒன்று. அந்தப் பிசுபிசுப்பில் நிக்கொட்டின் இருக்கிறது. தோல் வழியாகவும் உடலில் சேரும். மேசையில் சிந்தினால் உடனே துடைத்துக் கை கழுவுங்கள். போத்தல் இனிப்பு மணத்தோடு இருப்பதால் குழந்தை எடுத்து வாயில் வைக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே ஆபத்து. உயரத்தில், பூட்டி வையுங்கள். குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தால்கூட வாந்தி எடுக்க வைக்க முயலாமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உதட்டில் கொதித்த துளி தெறிக்கிறது

கொயிலின் சுற்றுகளுக்குள் லிக்விட் தேங்கி, ஒரேயடியாகக் கொதித்துத் தெறிக்கிறது. சூடான தாச்சியில் தண்ணீர் பட்டால் வெடிப்பதுபோல. சொட்டியவுடன் வாய் வைக்காமல், முகத்துக்குத் தள்ளிப் பிடித்து ஒரு விநாடி அமத்தி விடுங்கள். வெடிக்க வேண்டியது வெளியே வெடித்துவிடும். அதற்குப் பிறகும் தெறித்தால் பஞ்சு தளர்வாக இருக்கிறது, கொஞ்சம் கூட்டுங்கள். கட்டையான அகல முனை தெறிப்பை நேரே உதட்டுக்கு அனுப்பும். சற்று நீளமான, குறுகிய முனை மாற்றினால் நல்லது. திருகைப் போலவே 510 என்று சொல்லப்படும் பொது அளவு முனையும் போடக்கூடிய மூடியாக இருந்தால் மாற்று எங்கும் கிடைக்கும்.

ஓம் துள்ளுகிறது, அல்லது "ஷோர்ட்" என்கிறது

இந்த இடத்தில் நிதானமாக வாசியுங்கள். மற்றவை சுவைத் தொல்லை, இது நெருப்புத் தொல்லை.

0.5 என்று இருந்தது 0.6, 0.45 என்று மாறி மாறிக் காட்டினால் பெரும்பாலும் கம்பியின் கால் தூணில் இறுகவில்லை. ஆறவிட்டு ஸ்குறூவை இறுக்குங்கள். கொயில் சூடாக இருக்கும்போது பார்த்த எண்ணை நம்ப வேண்டாம், ஆறிய பிறகு வருவதுதான் சரி. இறுக்கியும் துள்ளினால் கால் வெட்டுப்பட்டிருக்கலாம். மிக மெல்லிய கம்பியைக் கூரான ஸ்குறூ நறுக்கிவிடும். புதிதாகச் சுற்றுங்கள்.

"ஷோர்ட்" என்றால் கம்பி தொடக்கூடாத இடத்தைத் தொடுகிறது. மூன்று இடத்தைப் பாருங்கள். வெட்டாமல் விட்ட கால்நுனி மூடியின் சுவரில் முட்டுகிறதா? கொயில் டெக்கில் உட்கார்ந்திருக்கிறதா? நேர்முனைத் தூணின் அடியில் உள்ள மின்காப்பு உருகியோ நழுவியோ இருக்கிறதா? முதல் இரண்டையும் கத்தரித்தும் தூக்கியும் சரிசெய்யலாம். காப்பு போயிருந்தால் அந்த டிரிப்பரை விட்டுவிடுங்கள்.

இந்தச் செய்தியைக் காட்டுவது மின்சுற்று உள்ள மொட். அதனால்தான் பழகுபவருக்கு அந்த வகை மட்டும்தான் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன். வெறும் குழாயாக வரும் மெக்கானிக்கல் மொட்டில் செய்தி கிடையாது, தடுப்பும் கிடையாது. ஷோர்ட் ஆனால் பற்றரியின் முழு வலுவும் அதன் வழியாகப் பாயும். அதிலும் டிரிப்பரின் அடி ஊசி நேரே பற்றரியின் தலையைத் தொடுகிற வகையில், ஊசி திருகை விட வெளியே நீண்டிருக்காவிட்டால், திருகின் விளிம்பு பற்றரியின் நேர் முனையையும் சேர்த்துத் தொட்டுவிடும். அது நேரடி ஷோர்ட். கைக்குள் பற்றரி வெடிப்பது இப்படித்தான். யாராவது "அழகா இருக்கு" என்று தந்தாலும் முதல் வருடம் அந்தக் குழாயைத் தொடாதீர்கள்.

பற்றரி நேரே கொயிலோடு இணையும் மெக்கானிக்கல் மொட்டில் கணக்கு எளிது. முழுதாகச் சார்ஜ் ஏறிய 18650 அளவுப் பற்றரி 4.2 வோல்ட். அதை ஓமால் வகுத்தால் அம்பியர். 0.5 ஓமுக்கு 8.4 அம்பியர். அதே கொயிலில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 0.25 ஓம், 16.8 அம்பியர். ஒற்றைக் கொயில் பற்றரிக்கு எவ்வளவு ஓய்வு கொடுக்கிறது என்று பாருங்கள். நல்ல பற்றரி 20 அம்பியரைத் தொடர்ந்து தாங்கும். பழைய லப்டொப் பொதியில் பிரித்தெடுத்த செல்லும், டோர்ச் லைட்டுக்கு வரும் செல்லும் இதற்கு ஆகாது. மேலே 9900 மில்லியம்பியர் மணி என்று அச்சடித்திருந்தால் பொய் என்று உடனே தெரிந்துகொள்ளலாம். இந்த அளவுச் செல்லில் 3500ஐத் தாண்டுவதே அரிது.

பற்றரியின் பிளாஸ்ரிக் உறை கிழிந்திருந்தால் அதைப் பாவிக்காதீர்கள். நேர் முனையைத் தவிர அதன் உடம்பு முழுவதும் எதிர் முனைதான். உறை மட்டுமே நடுவில் நிற்கிறது. திறப்புக்கோர்வையும் சில்லறையும் கிடக்கும் பையில் பற்றரியைத் தனியாகப் போட்டுக்கொண்டு திரிபவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பெட்டி போதும்.

மூடி தொட முடியாமல் சுடுகிறது

தொடர்ந்து இழுக்கிறீர்கள், அல்லது வாட்ஸ் கூட. ஒற்றைக் கொயிலுக்கு மாறினால் பாதி குறையும். 22 மில்லிமீற்றர் விட்டமுள்ள டிரிப்பரில் இரட்டைக் கொயில் போட்டால் சூடு போக இடமில்லை. இரட்டைதான் வேண்டுமென்றால் 24 மில்லிமீற்றருக்குப் போங்கள், ஆனால் கை பழகிய பிறகு.

புகை வருகிறது, சுவை இல்லை

ஒற்றைக் கொயில் போட்டுவிட்டு இரண்டு பக்கத் துவாரத்தையும் திறந்து வைத்திருப்பீர்கள். கொயில் இல்லாத பக்கத்தை மூடுங்கள். மற்றப் பக்கம் கொயில் துவாரத்துக்கு நேரே நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். மூடிக்குள் வெற்றிடம் குறைவாக இருந்தால் சுவை செறியும். வாஸ்ப் நானோ போன்ற சிறிய ஒற்றைக் கொயில் டிரிப்பர்கள் பழகுபவர்களுக்குப் பிடிப்பது அதனால்தான்.

சுவை இல்லை என்று சமையலறையில் உள்ள வனிலா எசன்ஸையோ, எண்ணெய் கலந்த எதையுமோ பஞ்சில் விடாதீர்கள். வயிற்றுக்குப் போகிறது நுரையீரலுக்கு ஆகாது. 2019இல் அமெரிக்காவில் பலருக்கு நுரையீரல் பழுதானதற்கு, கஞ்சாச் சத்துக் கலந்த லிக்விட்டில் சேர்த்த விற்றமின் ஈ அசற்றேற் என்ற எண்ணெய்ப் பொருளோடு வலுவான தொடர்பு கண்டார்கள்.

தலை சுற்றல், குமட்டல்

நிக்கொட்டின் கூடிவிட்டது. வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். டிரிப்பர் ஒரு இழுவையில் அதிகம் ஆவியாக்கும். ஆகவே மில்லிலீற்றருக்கு 3 மில்லிகிராம் போதும், கூடினால் 6. சின்னக் கருவிகளுக்கென்று வரும் 20 மில்லிகிராம் நிக்கொட்டின் உப்பு லிக்விட்டை இதில் விடவே கூடாது. கூட்டாளியின் பையில் இரண்டும் ஒரே நிறப் போத்தலில் இருந்தன. ஒன்றில் சிவப்பு நாடா சுற்றிக் கொடுத்தேன்.

கொயில் போடவே கை வரவில்லை

கை பிழையல்ல. தூண் பிழை. கம்பி இரண்டையும் ஒரே நேரத்தில் சின்ன ஓட்டைக்குள் நுழைத்துப் பிடிக்கச் சொல்லும் டெக் பழகியவருக்கே சிரமம். இரண்டு தூண், பக்கவாட்டில் திறந்த வாய், மேலிருந்து இறுக்கும் அகலத் தலை ஸ்குறூ இருக்கும் வகையில் கம்பியை வைத்துவிட்டு ஆறுதலாக இறுக்கலாம். மிகச் சின்ன அலன் ஸ்குறூ ஒருமுறை தேய்ந்தால் அதோடு முடிந்தது. ஊருக்கு வந்த இடத்தில் அந்த அளவு ஸ்குறூ ஒரு இரும்புக்கடையிலும் கிடைக்காது. பெட்டியோடு வரும் மேலதிக ஸ்குறூவையும் ரப்பர் வளையங்களையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

கூட்டாளி திரும்பிப் போன பிறகு 22 மில்லிமீற்றரில் ஒற்றைக் கொயில் டிரிப்பர் ஒன்று வாங்கியிருக்கிறான். மூடியைத் திறந்து படம் அனுப்பினான். பஞ்சின் வால் கொஞ்சம் நீளம். "அரை நகம் வெட்டு" என்று எழுதினேன். மறுகா ஒரு மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது: "ஓம் மச்சான், கருகல் இல்ல. சிகரெட்டும் இல்ல."